சோம்பு மணக்கும் பாளை

"1981ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவிலிருந்து மலேசியாவுக்கு வேலைக்கு வந்து, இன்று வரை பெர்மிட் புதுப்பிக்காமல், லெவி கட்டாமல், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் உழைத்துக்கொண்டிருக்கும் தொழிலாளி யார்?"

சில மாதங்களுக்கு முன்பு காலை நிகழ்ச்சியில் நான் நேயர்களிடம் கேட்ட புதிர் இது. வாட்ஸ்அப்பில் பதில்கள் குவிந்தன. "வேற யாரு, என் வீட்டுக்காரர்தான்" என்று ஓர் அக்கா குரல்பதிவு அனுப்பியிருந்தார். விடையைச் சொன்னேன்: ஒரு வண்டு. நெல்மணியைவிடச் சின்னது. செம்பனைப் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்வதற்காகக் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்டது. அது வந்த பிறகு மகரந்தம் தூவ ஆளே தேவைப்படவில்லை என்று சொல்லி, ஒரு சிரிப்பொலியையும் போட்டுவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன்.

நிகழ்ச்சி முடிந்து கைப்பேசியைப் பார்த்தால் அம்மாவின் குரல்பதிவு. பதினோரு விநாடிதான்.

"ஆளே தேவைப்படலைன்னு சொல்லிச் சிரிச்சியே, அந்த ஆளு உன் பாட்டிதான்டி. அந்த வேலை போனதாலதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்."

அம்மா மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர் என்பது எனக்குத் தெரியும். குடும்பக் கஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கஷ்டத்துக்குள் ஒரு வண்டு இருந்தது தெரியாது. பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறை படித்தபோது முதல் பருவத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, ஒரு செய்தி என்றால் எல்லாத் தரப்பையும் கேட்க வேண்டும் என்பது. இந்தச் செய்தியில் ஒரு தரப்பு என் வீட்டுச் சமையலறையிலேயே இத்தனை நாள் இருந்திருக்கிறது.

பள்ளி விடுமுறை வாரத்தில் இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு குளுவாங்கிற்குப் புறப்பட்டேன். ஒலிப்பதிவுக் கருவியையும் பையில் போட்டுக்கொண்டேன். தொழில் பழக்கம்.

ஜொகூரின் நடுவில் இருக்கும் ஊர் குளுவாங். கோலாலம்பூரிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே வந்து, ஆயர் ஈத்தாமில் வெளியேறி, மண்பாண்டக் கடைகளைத் தாண்டிக் கிழக்கே திரும்ப வேண்டும். மலாயில் கெலுவாங் என்றால் பழந்தின்னி வௌவால். ஊருக்கு அந்தப் பெயர்தான். வௌவால் எதையும் நான் பார்க்கவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் செம்பனைதான், வரிசை வரிசையாக, கண் சலிக்கும் வரை. வழக்கமாகக் காரில் ஏறினால் தூங்கிவிடும் அம்மா அன்று ஆயர் ஈத்தாமுக்குப் பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

பெரிய மாமா குளுவாங்கில் ஒரு தாமானில் இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் செம்பனை ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் போவதற்கு முன்பு எங்களைப் பழைய ரயில் நிலையக் காப்பிக் கடைக்கு வரச் சொல்லியிருந்தார். 1938 முதல் நடக்கும் கடை. கரி அடுப்பில் வாட்டிய ரொட்டி, காயா, கெட்டிக் காப்பி. குளுவாங் போய்விட்டு அதைக் குடிக்காமல் வந்தால் திருப்பதி போய் லட்டு வாங்காமல் வந்த மாதிரி என்பார் மாமா. விடுமுறைக் கூட்டத்தில் இடம் பிடிக்க அரை மணி நேரம் ஆனது.

"வண்டைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார் மாமா.

"பாட்டி என்ன வேலை செஞ்சாங்கன்னு பாக்க வந்தோம் மாமா."

அவர் காப்பியைச் சாசரில் ஊற்றி ஆற்றியபடி அம்மாவைப் பார்த்தார். "சொல்லலையா நீ?"

பாட்டி அதைப் 'பவுடர் வேலை' என்றுதான் சொல்வாராம். அதைப் புரிந்துகொள்ள முதலில் செம்பனையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். செம்பனை மரத்தில் ஆண் பாளையும் பெண் பாளையும் தனித்தனி. ஒரே மரத்தில் இரண்டும் வரும், ஆனால் பொதுவாக ஒரே நேரத்தில் வராது. சில மாதம் ஆண் பாளையாகவே தள்ளும், பிறகு சில மாதம் பெண் பாளையாகத் தள்ளும். ஆகவே இந்த மரத்தின் பெண் பூவுக்கு வேறு ஏதோ ஒரு மரத்தின் ஆண் பூவிலிருந்து மகரந்தம் வந்து சேர வேண்டும். அதுவும் பெண் பூ விரிந்து இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாளுக்குள். வராவிட்டால் குலையில் பாதி காய் பிடிக்காது. சில குலைகள் அப்படியே அழுகிப்போகும்.

செம்பனை நம் நாட்டு மரம் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 1848இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. அந்த வழியில் வந்த வித்துகள் சுமத்ராவில் பெருகின. பிறகு மலாயா. கோல சிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் வணிக முறையில் நடவு தொடங்கியது. மரம் கடல் கடந்து வந்துவிட்டது. ஆப்பிரிக்காவில் அதன் பூக்களைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்த பூச்சிகள் வரவில்லை. அவை தேவைப்படும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. செம்பனைக்குக் காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றுதான் பாடப்புத்தகங்களும் சொல்லின, நிபுணர்களும் சொன்னார்கள்.

காற்று போதவில்லை. அதிலும் மரம் இளசாக இருக்கும்போது ஆண் பாளை குறைவு. மழைக்காலத்தில் இன்னும் மோசம். ஆகவே தோட்டங்கள் மனிதக் கையை இறக்கின. அதுதான் பவுடர் வேலை.

"மூக்கும் வாயும் தெரியாம துண்டைக் கட்டிக்கிட்டுப் போவாங்க," என்றார் மாமா. விரிந்த ஆண் பாளையை வெட்டி, உலர்த்தி, உதறி, சலித்து மகரந்தம் எடுப்பார்கள். அதை முகத்துக்குப் போடும் பவுடர் மாவோடு கலந்து ஒரு புட்டியில் அடைப்பார்கள். புட்டியில் வளைந்த குழாய் இருக்கும். பெண்கள் வரிசை பிடித்து மரம் மரமாகப் போக வேண்டும். மட்டைகளுக்கு இடையில் பாளை ஒளிந்திருக்கும். மட்டையின் அடிப்பக்கம் முழுக்க முள். ஒரு கையால் மட்டையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் புட்டியை அமுக்கிப் 'புஸ்' என்று அடிக்க வேண்டும். அடித்ததற்கு அடையாளம் போட வேண்டும். மண்டோர் பின்னால் வந்து பார்ப்பார், விட்டுப்போன பாளை இருந்தால் திட்டு. அதே மரத்துக்கு இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் போக வேண்டும், இதற்கிடையில் புதுப் பாளை விரிந்திருக்கும். ஞாயிறா, தீபாவளியா என்று பாளைக்குத் தெரியாது.

"தேள் கொட்டியிருக்கு. பாம்பு பாத்திருக்காங்க. ஆனா அந்த வேலை நல்ல வேலைன்னுதான் அம்மா சொல்லுவாங்க," என்றார் என் அம்மா. "பால்மரம் வெட்டுற மாதிரி விடியக்காலையில எழ வேண்டாம். மழை பெஞ்சா பால் வெட்டு இல்ல, சம்பளம் இல்ல. இதுல அப்படி இல்ல. மாசம் பூரா பேரு விழும்."

மாதம் முழுக்கப் பேர் விழும். பெரட்டில் பேர் கூப்பிடுவதை வைத்துச் சம்பளத்தைக் கணக்கிட்ட காலத்தின் சொல் அது. அம்மாவின் பள்ளிக் கட்டணம், பஸ் காசு, சட்டை, காலணி எல்லாம் அந்தப் புட்டியிலிருந்துதான் வந்திருக்கின்றன.

இனி இன்னொரு தரப்பு. நான் வானொலியில் ஒன்றரை நிமிடத்தில் சொல்லி முடித்தது.

லெஸ்லி டேவிட்சன் என்று ஒரு தோட்டத் துரை. யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டங்களில் மலாயா, கேமரூன், சபா என்று மாறி மாறி வேலை பார்த்தவர். கேமரூனில் யாரும் பவுடர் அடிப்பதில்லை, ஆனாலும் குலைகள் நன்றாகக் காய்த்தன. பூக்களைச் சுற்றி எப்போதும் சின்ன வண்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. பிறகு சபாவுக்கு வந்தால் அந்த வண்டுகளும் இல்லை, காயும் சரியாகப் பிடிக்கவில்லை. வண்டுதான் காரணமோ என்று கேட்டார். இல்லை, காற்றுதான் என்று பதில் வந்தது. அவர் பூச்சியியல் படித்தவர் இல்லை, அதனால் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் கேள்வியை அவர் விடவில்லை. பல ஆண்டு கழித்து நிறுவனத்தில் முடிவெடுக்கும் இடத்துக்கு உயர்ந்ததும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கச் செய்தார்.

1970களின் பிற்பகுதியில் அந்த வேலையோடு கேமரூனுக்குப் போனவர் டாக்டர் ரஹ்மான் சையத். பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர். காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையத்தில் பணியாற்றியவர். பூச்சி நுழையாமல் பெண் பாளையை மூடி வைத்துப் பார்ப்பது, பூச்சியின் உடம்பில் எவ்வளவு மகரந்தம் ஒட்டியிருக்கிறது என்று எண்ணுவது என்று பொறுமையாகச் செய்த சோதனைகளில் விடை கிடைத்தது. செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் பூச்சிகள்தான். அந்தப் பூச்சிகளிலும் ஒரு கூன்வண்டு இனம், எலைடோபியஸ் கமெருனிகஸ், மழையிலும் வெயிலிலும் சளைக்காமல் வேலை செய்தது. ஆய்வு முடிவுகள் 1979இல் வெளிவந்தன.

என்னைக் கவர்ந்தது இதற்கு அடுத்த கட்டம். வேறு நாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் கெட்ட உதாரணங்கள் நிறைய. ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1935இல் விட்ட தேரைகள் இன்றைக்கும் அந்த நாட்டின் தலைவலி. ஆகவே இந்த வண்டு வேறு பயிரைத் தின்னுமா என்று பல பயிர்களில் வைத்துச் சோதித்தார்கள். பட்டினி கிடந்தாலும் அது செம்பனையின் ஆண் பாளையில் மட்டும்தான் குஞ்சு பொரித்து வளர்கிறது என்று உறுதியான பிறகே அனுமதி கிடைத்தது. அதன் பிறகும் நேரே தோட்டத்துக்கு வரவில்லை. இங்கிலாந்து வழியாகக் கொண்டுவந்து, நோயோ ஒட்டுண்ணியோ கூட வந்துவிடாதபடி தனிமைப்படுத்தலில் வைத்து, ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். கோவிட் காலத்தில் நாமெல்லாம் அனுபவித்த அதே தனிமைப்படுத்தல்தான்.

1981 பிப்ரவரி 21. குளுவாங் வட்டாரத்து மாமோர் தோட்டத்தில் வண்டுகள் முதன்முதலாகத் திறந்துவிடப்பட்டன. அடுத்து சபாவின் பாமோல் தோட்டம். இரண்டு ஆண்டு முடிவதற்குள் தீபகற்பம் முழுக்கப் பரவிவிட்டன. முன்பு நூறு பூவுக்கு ஏறக்குறைய ஐம்பது காயாக மாறியது, இப்போது எழுபதைத் தொட்டது. பவுடர் அடிப்பதைத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தின.

பாட்டி வேலை செய்தது மாமோரில் இல்லை, அதே வட்டாரத்தில் வேறொரு தோட்டம். பெயர் வேண்டாம். வண்டுக்கு எல்லைக்கல் தெரியுமா என்ன? அந்த ஆண்டே பறந்து வந்துவிட்டது.

மறுநாள் காலை அந்தத் தோட்டத்துக்குப் போனோம். மாமாவின் நண்பர் மகன் அங்கே கண்காணிப்பாளர். முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கி வைத்திருந்தார். லயங்கள் இல்லை. அம்மா பிறந்த வரிசை இருந்த இடத்தில் மரம் நட்டிருந்தார்கள், அதுவும் மறுநடவுக் கன்று, ஆளுயரம்தான். மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. ஆடித் திருவிழாவுக்கு இன்றும் பழைய ஆட்கள் காரில் வருகிறார்களாம். அறுவடைக்கு வந்திருந்தவர்கள் லொம்போக்கிலிருந்து வந்த இளைஞர்கள். நீளக் கம்பில் கட்டிய அரிவாளை ஒரே இழுப்பு, குலை தொம்மென்று தரையில் விழுந்தது.

"இங்க வாங்கக்கா," என்று கண்காணிப்பாளர் தம்பி ஓர் இள மரத்துப் பக்கம் அழைத்துப்போனார். மட்டைகளுக்கு நடுவில் விரிந்த ஆண் பாளை. விரல் பருமனில் ஏராளமான கதிர்கள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடிப் பூ. முதலில் எனக்கு வண்டு எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் உற்றுப் பார்த்த பிறகுதான் அந்த மஞ்சளே அசைகிறது என்று புரிந்தது. நூற்றுக்கணக்கில் கருப்பும் பழுப்புமாக ஊர்கின்றன. காதருகே கொண்டுபோனால் மெல்லிய ரீங்காரம். ஒலிவாங்கியை நீட்டினேன்.

ஆண் பாளைதான் வண்டுக்கு வீடு, சாப்பாடு, பிரசவ வார்டு எல்லாம். பூத்து ஓய்ந்த கதிரில் முட்டை இடும். புழு அந்தக் கதிரையே தின்று வளர்ந்து, இரண்டு வாரத்துக்குள் வண்டாகி வெளியே வரும். பெண் பாளையில் வண்டுக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் அதுவும் ஆண் பாளையின் அதே வாசனையை விட்டுவிட்டு வீசி ஏமாற்றுகிறது. ஏமாந்து போய் இறங்கும் வண்டு உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதறிவிட்டுத் திரும்புகிறது. அந்த வாசனை எது என்று வேதியியல் துறையினர் பிரித்துப் பார்த்தார்கள். எஸ்ட்ரகோல் என்ற பொருள். சோம்பிலும் இருப்பதுதான்.

இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அம்மா பாளைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். சட்டென்று பின்வாங்கினார்.

"அம்மா வாசனை," என்றார்.

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பாட்டியின் வாசனை. பாட்டி வேலை முடிந்து வந்து அம்மாவைத் தூக்கும்போது சேலையில் சோம்பு வாசம் அடிக்குமாம். வெற்றிலையோடு சோம்பு மெல்லுகிறார் என்று அம்மா நினைத்திருந்தார். வீட்டில் சோம்பு டப்பாவைத் தேடிக் களவாடித் தின்று அடி வாங்கியதும் உண்டாம். அறுபது வயதுக்குத் தெரிகிறது, அது சமையலறை வாசம் இல்லை, வேலைக்காட்டு வாசம் என்று.

ஆய்வாளர்கள் பிறகு குடுவையில் பிடித்துப் பெயர் சூட்டிய வாசனை, பவுடர் வேலைக்குப் போன ஒவ்வொரு பெண்ணின் சேலையிலும் பல ஆண்டுகளாக இருந்திருக்கிறது. பூச்சி வரும் பூவுக்குத்தான் வாசனை இருக்கும், காற்றை நம்பும் பூவுக்கு எதற்கு வாசனை? யாராவது அந்தப் பெண்களிடம் "பூ மணக்குதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்று எனக்குத் தோன்றியது. மாமா அதை ஏற்கவில்லை. "கேட்டிருந்தா மட்டும்? மணக்குதுன்னு சொல்லியிருப்பாங்க. அதுக்கப்புறம் அந்த வண்டைக் கொண்டாந்திருப்பாங்க, அவ்வளவுதான்." அதுவும் சரிதான்.

மாமாவுக்குச் சொல்ல வேறு கதை இருந்தது. அவர் அப்போது ஆலையில் புதிது. வண்டு வந்த சில மாதங்களில் ஆலைக்கு வரும் குலையே மாறிவிட்டது என்றார். முன்பு குலையில் இடைவெளி இருக்கும், பழம் பெரிசு பெரிசாக இருக்கும். இப்போது பழம் நெருக்கியடித்துக்கொண்டு, கல் மாதிரி இறுகிய குலை. ஆலையில் குலையை முதலில் நீராவியில் வேகவைத்து, பிறகு பெரிய உருளையில் போட்டு உருட்டிப் பழத்தை உதிர்ப்பார்கள். இறுகிய குலைக்குள் நீராவி சரியாகப் புகவில்லை. வெளிப்பழம் உதிர்ந்தது, உள்பழம் குலையிலேயே தங்கி, வெறுங்குலையோடு சேர்ந்து வெளியே போனது. எண்ணெய் குப்பைக்குப் போகிறது என்று மேலிடத்தில் சத்தம். "நாங்க என்னமோ திருடி வித்த மாதிரி விசாரணை," என்று சிரித்தார். நீராவியை ஒரே மூச்சில் ஏற்றாமல், ஏற்றி, இறக்கி, மறுபடியும் ஏற்றி என்று முறை மாற்றித்தான் சமாளித்தார்கள். கொட்டைக்குள் இருக்கும் பருப்பும் முன்னைவிட அதிகமாக வந்து குவிந்தது. அதை நசுக்கிப் பருப்பெண்ணெய் எடுக்கும் ஆலைகளுக்கு நல்ல காலம். பூச்சியியல்காரர் முடித்துவைத்த பிரச்சினை இயந்திரப் பொறியாளர் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறது.

அதோடும் நிற்கவில்லை. ஓய்ந்த ஆண் பாளைக்குள் கொழுத்த புழுக்கள் இருப்பதை எலிகள் கண்டுபிடித்தன. பழத்தைக் கடித்துக்கொண்டிருந்த எலிக்கு இப்போது சத்துணவும் கிடைத்தது. பாளையைக் கிழித்துப் புழுவைத் தின்றன. எலிக்கு நஞ்சு வைத்தால் மற்ற உயிர்களும் சாகும், எலியும் நாளடைவில் நஞ்சுக்குப் பழகிவிடும். இங்கே பறவை ஆய்வாளர்கள் வந்தார்கள். கூகைக்குச் செம்பனைத் தோட்டத்தில் கிடைக்கும் உணவு ஏறக்குறைய முழுவதும் எலிதான் என்று மலேசியாவில் நடந்த ஆய்வுகள் ஏற்கெனவே காட்டியிருந்தன. பிரச்சினை கூடுதான். செம்பனையில் பொந்து கிடையாது. ஆகவே கம்பம் நட்டு, அதன் மேல் மரப்பெட்டி வைத்தார்கள். குஞ்சுகளோடு ஒரு கூகைக் குடும்பம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் எலி தின்னும் என்று கணக்கிடுகிறார்கள். தோட்டத்துக்குள் போகும் வழியிலேயே அப்படி ஒரு பெட்டியைப் பார்த்தோம். நான் புறாக்கூண்டு என்று நினைத்தேன். நம் வீடுகளில் ஆந்தை அலறினால் கதவைச் சாத்திய காலம் போய், சம்பளமில்லாக் காவலாளியாக அதற்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

பல்கலைக்கழகங்களில் பயன்பாட்டு ஆய்வு என்று ஒரு சொல் உண்டு. மாணவியாக இருந்தபோது எனக்கு அது வெறும் தேர்வுச் சொல். ஒரு பிரச்சினை, ஒரு துறை, ஒரு விடை என்று மனப்பாடம் செய்திருந்தேன். இந்தத் தோட்டத்தில் ஒருவர் விடையே அடுத்தவர் பிரச்சினையாகிக் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கிறது. இன்னும் முடியவில்லை என்றார் கண்காணிப்பாளர் தம்பி. சபா, சரவாக் பக்கம் சில இள நடவுகளில் வண்டு இருந்தும் காய் சரியாகப் பிடிக்கவில்லையாம். புது மர வகைகள் பெண் பாளையாகவே தள்ளுகின்றன, ஆண் பாளை குறைந்தால் வண்டுக்கு வீடு ஏது? சில இடங்களில் ஆண் பாளைகளைப் பெட்டிக்குள் வைத்து, வண்டு வெளியேறும்போது மகரந்தம் பூசி அனுப்பும் முறையைச் சோதிக்கிறார்கள். இன்னும் சில இடங்களில் பழையபடி கையால்தான்.

"கையாலன்னா, புட்டியிலயா?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாக்கா, கிட்டத்தட்ட அதேதான்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

மதியம் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, கட்டிவந்த புளிச்சோற்றைப் பிரித்தோம். அப்போதுதான் நான் கேட்க வந்ததைக் கேட்டேன். வேலை போனதும் என்ன நடந்தது?

பாட்டியை வீட்டுக்கு அனுப்பவில்லை. உதிரிப்பழம் பொறுக்கப் போட்டார்கள். குலை விழும்போது சிதறும் பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் கட்டும் வேலை. மூட்டைக் கணக்கில் கூலி. வண்டு வந்து காய் அதிகமானதால் உதிரியும் அதிகம், மூட்டையும் அதிகம் என்று முதலில் மகிழ்ந்தார்களாம். நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். பாட்டிக்கு அப்போதே நாற்பது தாண்டிவிட்டது. இடுப்பு தாங்கவில்லை. பாதி நாள் போவார், மீதி நாள் படுத்திருப்பார். 'மாசம் பூரா பேரு விழும்' வேலை போய்விட்டது. 1982இல் அம்மா மூன்றாம் படிவத் தேர்வை எழுதிய கையோடு ஜொகூர் பாருவில் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனார். தோட்டத்துப் பெண் பிள்ளைகள் எட்டுப் பேர் ஒரே வேனில் போனார்களாம்.

"நீ மட்டும் சொல்லாதே," என்று மாமா இடைமறித்தார். "அந்த வருஷம்தான் அப்பாவுக்கு நெஞ்சுச்சளி வந்து ஆஸ்பத்திரியில கிடந்தாரு. நானும் புதுசாக் கல்யாணம் ஆனவன். என் சம்பளத்துல கொடுத்திருக்கணும், கொடுக்கல. வண்டு மேல போட்டா எல்லாருக்கும் சுலபம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கோயில் மணிக்கயிற்றைக் காற்று ஆட்டிக்கொண்டிருந்தது. அம்மா சோற்றை உருட்டி வைத்துவிட்டு, "எல்லாந்தான்ண்ணே," என்றார்.

நான் ஆய்வை எதிர்த்துப் பேச வரவில்லை. வண்டு வந்திராவிட்டால் அந்த முள்ளுக்குள் இன்றும் யாரோ ஒருத்தியின் கை போய்க்கொண்டிருக்கும். பாட்டியின் முன்கையில் இருந்த தழும்புகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த வண்டின் வெற்றியைப் பற்றி எழுதும் இடங்களில் எல்லாம் ஒரு வரி தவறாமல் வரும்: ஆள்செலவு மிச்சம். பாட்டி அந்த வரிக்குள் இருக்கிறார். பூச்சியியலுக்கு ஒருவர், வேதியியலுக்கு ஒருவர், ஆலைக்கு ஒருவர், ஆந்தைக்குக்கூட ஒருவர் வந்தார்கள். மிச்சமான ஆள் அடுத்த மாதம் என்ன செய்வார் என்று கணக்குப் போட ஒருவரையும் அனுப்பவில்லை. அதுவும் ஆய்வு செய்யக்கூடிய விஷயம்தானே? இப்போது தொழிற்சாலையிலும் வங்கியிலும், ஏன், எங்கள் வானொலி நிலையத்திலும் இயந்திரக் குரல் செய்தி வாசிக்கலாமா என்று பேச்சு நடக்கிறது. அந்தக் கூட்டங்களில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் இப்போதெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன்.

திரும்பும் முன் அம்மா மறுபடியும் அந்த மரத்துக்குப் போனார். காய்ந்து கருத்த ஒரு பழைய ஆண் கதிரை ஒடித்து உள்ளங்கையில் தட்டினார். மூன்று நான்கு வண்டுகள் விழுந்தன. ஒன்று அவருடைய சுட்டுவிரல் நுனி வரை நடந்து போய், இறக்கையை விரித்துப் பறந்தது.

"இவ்வளவு சின்னதா?" என்றார்.

நாற்பது ஆண்டுக்கு மேல் அதன் மேல் கோபமாக இருந்தவர், அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்க்கிறார்.

காரில் ஏறியதும் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். ரீங்காரம் நாற்பது விநாடி, நடுவில் "அம்மா வாசனை" என்ற குரல். அந்தப் பகுதியை வெட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே போடு என்றார். முதலில் பாட்டி பேரைச் சொல்லிவிட்டுப் போடு என்றார். ஆயர் ஈத்தாமில் பாவ் வாங்கி வைத்திருந்தோம். நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து நிமிடத்தில் வழக்கம்போலத் தூங்கிவிட்டார்.